நான் கதிர்வீசிய வாரம்

உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை படித்து முடித்த புதிதில் எல்லோருக்கும் வரும். பெரும்பாலோருக்கு ஒரு வேலை கிடைத்ததும் அது தானாக வடிந்துவிடும். எனக்கு மட்டும் வேலை கிடைத்த பிறகுதான் முற்றியது. ஒரு மீன்பிடி ஊரையே கரையில் உட்கார வைத்து, திருவாடானை வரைக்கும் மீன் வியாபாரத்தைப் படுக்க வைத்து, எனக்குப் பெண் கொடுக்க இருந்த மனுஷரை மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் வரவழைத்த பிறகுதான் அந்த ஆசை என்னை விட்டு இறங்கியது. இப்போதெல்லாம் உலகம் எந்தப் பக்கம் போனாலும் நான் குறுக்கே போவதில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. எங்கள் ஊர் திருவாடானைக்கும் உள்ளே தள்ளி, கண்மாயும் கருவேலமும் உள்ள பக்கம். கடல் என்பது ராமேஸ்வரத்தில் அமாவாசைக்கு முங்கி எழுவதற்காக ஏற்பட்டது என்றே வளர்ந்தவன் நான். விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு, கரப்பான்பூச்சியை அறுக்கத் தெரிந்தவனுக்கு நாட்டில் என்ன வேலை இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது, கடலில் கதிரியக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை இருப்பதாகச் சொன்னார்கள். திருப்பாலைக்குடிக்கும் காரங்காட்டுக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர். (பெயர் சொல்ல மாட்டேன். அங்கே இன்றைக்கும் எனக்கு நல்ல மீனாகப் பொறுக்கித் தருகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.) ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வாசலில் ‘கள ஆய்வு நிலையம்’ என்று ஒரு பலகையை மாட்டி, உள்ளே என்னை மாட்டியிருந்தது.

வேலை இதுதான். கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னஞ்சிறு செடிகளும் பூச்சிகளும் மிதந்துகொண்டிருக்கும். மிதவை உயிரிகள் என்று பாடப்புத்தகம் சொல்லும். பிளாங்க்டன் என்று சொன்னால்தான் சம்பளம் தருகிறவர்களுக்குப் புரியும். அலை தள்ளுகிற பக்கம் போவதைத் தவிர இவற்றால் வேறொன்றும் ஆகாது. ஆனால் தண்ணீரில் எது கலந்திருந்தாலும் அதை இழுத்து உடம்பில் சேர்த்துக்கொள்ளும். துளியூண்டு கதிரியக்கப் பொருளைக் கடல் தண்ணீரில் தேடினால் அண்டா அண்டாவாகக் காய்ச்சினாலும் அகப்படாது. இந்தப் பூச்சிகளில் ஒரு கைப்பிடி பிடித்தால் அகப்பட்டுவிடும். அதனால் மெல்லிய துணியில் தைத்த கூம்பு வலை ஒன்றைப் படகின் பின்னால் கட்டி இழுக்க வேண்டும். நுனியில் இருக்கும் குப்பியில் சேர்வதைக் காயவைத்து, உலையில் போட்டுச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலைக் கதிர் எண்ணும் கருவிக்கு அடியில் வைக்க வேண்டும். கதிர் பட்டால் கருவி ‘டிக்’ என்னும்.

எங்கள் கடலில் அப்படிப் பயப்படும்படி எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததை அளந்து வைப்பதுதான் திட்டமே. நாளைக்கு எங்காவது ஏதாவது கசிந்து இந்தப் பக்கம் வந்தால், முன்னால் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட ஓர் அளவு வேண்டுமல்லவா? ஆக, ஒன்றுமில்லை என்பதை மாதாமாதம் நிரூபிக்க எனக்குச் சம்பளம். கருவி ஒரு ‘டிக்’ சொல்லும். பிறகு யோசிக்கும். நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் இன்னொரு ‘டிக்’ சொல்லும். இப்படிப்பட்ட வேலையில் ஓர் இளைஞன் எத்தனை நாள்தான் ஒழுங்காக இருப்பான்?

ஒழுங்காக இருந்தே ஆக வேண்டிய காரணம் ஒன்று இருந்தது. அவள் பெயர் வள்ளி. அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தமான மாமா ஒருவர் திருவாடானைக்குப் பக்கத்தில் மிளகாய்க்காடு வைத்திருந்தார். அவருடைய மகள். பெண் பார்க்கப் போனபோது காபித் தம்ளரை நீட்டியபடி அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில், இந்த ஆளுக்குக் கொஞ்சம் மேற்பார்வை தேவைப்படும் என்பது எழுதியிருந்தது. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் என் வேலை தற்காலிகம் என்று தெரிந்ததும் மாமா வெற்றிலையை மென்றபடி சொன்னார்:

“டெம்ப்ரவரி மாப்பிளைக்கு டெம்ப்ரவரியாத்தான் பொண்ணு குடுக்கலாம். வேலை பெர்மனெண்டு ஆகட்டும், பேசுவோம்.”

வேலை நிரந்தரமாவது தலைமை அலுவலகத்தில் இருந்த மேடத்தின் கையில். அதிகம் பேசாத, பேசினால் நாலு வார்த்தையில் நம் நாற்காலியை உருவிவிடுகிற விஞ்ஞானி அவர். “ரிப்போர்ட் சுத்தமா வந்தா நானே சிபாரிசு பண்றேன்” என்று சொல்லியிருந்தார். சுத்தமான ரிப்போர்ட், நிரந்தர வேலை, வள்ளி. இவ்வளவு நேரான பாதையில் ஒருவன் தடுக்கி விழ வேண்டுமென்றால் அதற்குத் தனித்திறமை வேண்டும். அது என்னிடம் இருந்தது.

மிதவை உயிரிகள் பொழுது சாயும்போதுதான் மேல் தண்ணீருக்கு வரும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் அந்தி வேளையில் சவேரி அண்ணனின் வத்தையில் கிளம்புவோம். (வத்தை என்றால் பாய் கட்டிய சிறு படகு.) அண்ணன் கடலையே வீட்டு முற்றம் மாதிரி நினைத்து நடமாடுகிறவர். நான் ஏறியதும் செய்கிற முதல் ஆராய்ச்சி வாந்தி.

அந்த வெள்ளிக்கிழமை நான் வானநீலத்தில் ஒரு டெரிகாட்டன் சட்டை போட்டிருந்தேன். பெண் பார்க்கப் போனபோது போட்ட சட்டை. மூடி வைத்த பை, மூடிக்கு ஒரு பொத்தான். பையில் அரை டஜன் மேண்டில் இருந்தது. தொண்டிக்குப் போனால் வாங்கி வரும்படி அண்ணனின் மனைவி ரோசம்மா அக்கா சொல்லியிருந்தார். (மேண்டில் தெரியாத இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு: பெட்ரோமாக்ஸ் விளக்கின் உள்ளே தொங்கும் சின்னத் துணிப்பை. கட்டி, ஒருமுறை எரித்துவிட்டால் வெள்ளை வெளேரென்று சாம்பல் கூடாகிவிடும். அதுதான் வெளிச்சம் தரும். தும்மினால்கூட உதிர்ந்துவிடும். ஒவ்வொரு வீட்டிலும் மேண்டிலைப் பச்சைப்பிள்ளையை விடப் பதனமாகப் பார்ப்பார்கள்.)

வலையை இழுத்து மேலே போட்டதும், குப்பியில் பிடிபட்டதை அகலமான தட்டில் ஊற்றினேன். இருட்டிக்கொண்டு வந்தது. நன்றாகப் பார்க்கலாமே என்று வத்தையின் பெட்ரோமாக்ஸைத் தூக்கினேன்.

“அங்கனயே இருக்கட்டும் தம்பி, தூக்காதீக” என்றார் அண்ணன்.

“எனக்குத் தெரியும்ணே.”

அந்த வயதில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அலை ஒன்று தட்டியது. விளக்கு வத்தையின் விளிம்பில் இடித்தது. உள்ளே மேண்டில் பொலபொலவென்று உதிர்ந்து, விளக்கு ‘புஸ்’ என்று அணைந்தது.

தவறை நானே சரிசெய்வேன் என்று விளக்கின் தலையைக் கழற்றினேன். விரலைச் சுட்டுக்கொண்டேன். மிச்சமிருந்த சாம்பலை விரலால் வழித்து, ‘ஃபூ’ என்று ஊதினேன். எந்தப் பக்கம் ஊதினேன், காற்று எந்தப் பக்கம், தட்டு எங்கே இருந்தது என்பதையெல்லாம் எம்.எஸ்ஸி.யில் சொல்லித் தரவில்லை. பையிலிருந்து புது மேண்டில் ஒன்றை எடுத்துக் கட்டினேன். மீதியைப் பையிலேயே போட்டுப் பொத்தானை மாட்டினேன். அதே கையால் வலைத் துணியில் ஒட்டியிருந்த உயிரிகளையும் வழித்துத் தட்டில் சேர்த்தேன். விளக்கு எரிந்தது. எனக்கு மறுபடி வாந்தி வந்தது. கரை இறங்கியபோது மேண்டிலை அக்காவிடம் கொடுக்க வேண்டும் என்ற நினைவே இல்லை.

சனிக்கிழமை முழுக்கக் காயவைத்து, எரித்துச் சாம்பலாக்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாம்பலைக் கருவிக்கு அடியில் வைத்துவிட்டு, வழக்கம்போல் ஒரு தூக்கம் போடப் பாயை விரித்தேன்.

படுக்க முடியவில்லை. கருவி ஆலங்கட்டி மழை மாதிரி பொரிந்து தள்ளியது.

என் முதல் உணர்ச்சி பயம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது மகிழ்ச்சி. கடைசியில் ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது! இரண்டாவதாகத்தான் பயம் வந்தது. கையில் தூக்கிப் போகும் சின்னக் கருவி ஒன்றும் இருந்தது. அதை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு சாம்பலை விட்டு விலகினேன். டிக் டிக் டிக். வாசலுக்கு வந்தேன். டிக் டிக் டிக். தெருவுக்கு வந்தேன். அங்கேயும் டிக் டிக் டிக். காற்றில் பரவிவிட்டது! கருவியை என் உடம்பில் வைத்துப் பார்த்தேன். வயிற்றில் லேசாக, விரல்களில் கொஞ்சம் கூடுதலாக, இடது மார்பில் அலறியது. வாரம் முழுக்க மீன் தின்றவன் நான். விஷம் இதயத்தில் போய்த் தங்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

இப்படி ஓர் அளவு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. முதலில் வாயை மூட வேண்டும். பிறகு கையைக் கழுவிவிட்டு, வேறு உடை உடுத்தி, புதிதாக ஒரு மாதிரி எடுத்து, மறுபடி எண்ண வேண்டும். நான் வாயைத் திறந்துகொண்டு மாதா கோயிலுக்கு ஓடினேன்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. திருவிழாவுக்கு எப்போது தொழிலை நிறுத்துவது, மறுபடி எப்போது தொடங்குவது என்பதெல்லாம் பூசை முடிவில் கோயில் மைக்கில் அறிவிப்பார்கள். அறிவித்தால் அறிவித்ததுதான். அதை மீறி வத்தையைத் தள்ளியவனிடம் ஊரில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கோயில் பாதிரியார் பங்குச்சாமியோ விஞ்ஞானத்தின் மேல் அபார மரியாதை உள்ளவர். அவருக்கு அதுவரை என்னைத் தவிர வேறு விஞ்ஞானி யாரையும் நேரில் பழக்கமில்லை. நான் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டதும் மைக்கைப் பிடித்துவிட்டார்.

“அன்பார்ந்த இறைமக்களே! நமது கடலிலே கண்ணுக்குத் தெரியாத நெருப்பு கலந்திருப்பதை நமது விஞ்ஞானி கண்டுபிடித்திருக்கிறார். மறு அறிவிப்பு வரும்வரை யாரும் தொழிலுக்குப் போக வேண்டாம். பிடித்த மீனை உண்ணவும் வேண்டாம்.”

‘நமது விஞ்ஞானி’ என்றபோது நான் காலரைச் சரிசெய்துகொண்டேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

வெளியே சவேரி அண்ணன் கவலையோடு கேட்டார். “தம்பி, கண்ணுக்குத் தெரியாத நெருப்புன்னா, மீனு உள்ளுக்குள்ளயே வெந்து கெடக்குமா?”

“அது வேற மாதிரிண்ணே. விளக்கிச் சொன்னா உங்களுக்குப் புரியாது.” (எனக்கும் புரியாது. அதைச் சொல்லவில்லை.)

அவரைச் சோதித்துப் பார்க்க அழைத்தேன். என்னிடமிருந்து தொற்றிவிடுமோ என்று அவர் தள்ளியே நின்றார். நான் கையை எட்டி நீட்டிக் கருவியைப் பிடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. நாள் தவறாமல் மீன் தின்கிறவருக்கு ஒன்றுமில்லையே என்று யோசித்து, பழகிப்போன உடம்பு என்று முடிவு கட்டினேன்.

திங்கட்கிழமை கடற்கரையைப் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லா வத்தைகளும் மணலில் கவிழ்ந்து கிடந்தன. ஆண்கள் வலையைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் தந்தி கொடுக்கப் போனேன். ‘கடலில் பேராபத்து. ஊர் பாதிப்பு. நானும் பாதிப்பு. உடனே வரவும்’ என்று மேடத்துக்கு எழுதினேன். போஸ்ட் மாஸ்டருக்குக் காது மந்தம். மேஜை மேல் சாய்ந்து என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, “என்ன பாதிப்பு?” என்று கேட்டார். கருவியை இடையில் வைத்துக் காட்டினேன். டிக் டிக் டிக்.

“எனக்குமா?” என்று அலறினார் மனுஷர்.

அவர் சுத்த சைவம். மீன் இருந்த பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர் ஓடிய தெருவில்கூட நடக்க மாட்டார். அந்த இடத்திலாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். வேலை செய்தது, வேறு திசையில். கடல் காற்று வழியாகச் சைவர்களையும் தாக்குகிறது என்று அவரிடமே சொன்னேன். பாவம், வீட்டுக் கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு என் வாசலில் ஊரே வரிசையில் நின்றது. என்னை நெருங்கி நின்றவர்கள் எல்லோருக்கும் கருவி கத்தியது, தள்ளி நின்றவர்களுக்குக் கத்தவில்லை. தைரியசாலிகளை அதிகம் தாக்குகிறது என்று நான் ஒரு கோட்பாட்டைக்கூட உருவாக்கினேன். சட்டையை மட்டும் மாற்றவே இல்லை. நல்ல துணிமணிகளுக்கும் விஷம் பரவிவிடக் கூடாது என்ற பொறுப்புணர்ச்சி! குளிக்கவும் இல்லை. உறங்கும்போதும் அதே சட்டைதான்.

சாவு நெருங்கிவிட்டது என்று தீர்மானமானதும் வள்ளியின் நினைவு வந்தது. இத்தனை கூத்திலும் அந்த ஒன்று மட்டும் நிஜம். பாயில் படுத்து அழுதேன். பிறகு எழுந்து, திருவாடானை பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்தேன். அந்தக் காலத்தில் கூடை, சாவிக்கொத்து, கல்யாணச் செய்தி, கருமாதிச் செய்தி எல்லாம் கண்டக்டர் வழியாகத்தான் போகும்.

“அண்ணே, எங்க மாமாகிட்டச் சொல்லிருங்க. எனக்குக் கடல்லருந்து விஷக்கதிர் ஏறிருச்சு. ரொம்ப நாள் தாங்காது. வள்ளிக்கு வேற எடம் பாக்கச் சொல்லுங்க.”

கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசில் அடித்தார். எந்தச் செய்தியையும் அவர் தனக்குள் வைத்துக்கொள்கிறவர் அல்ல. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறக்கி வைத்தார். மறுநாள் ஐஸ் பெட்டியோடு மீன் எடுக்க வரும் சைக்கிள் வியாபாரிகள் ஒருவர்கூட எங்கள் கரைக்கு வரவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களில் பிடித்த மீனும் வாங்க ஆளில்லாமல் மணலில் கொட்டிக் காய்ந்தது. நாற்றம் என் வீடு வரை வந்தது. அதுவும் கதிரியக்கத்தின் வேலை என்று நினைத்தேன்.

வாரத்தின் நடுவில் மேடத்தின் ஜீப் வந்து நின்றது. ஊர் மொத்தமும் சூழ்ந்துகொண்டது. பங்குச்சாமி முன்னால் நின்றார். சரியாக அந்த நேரத்துக்குத் திருவாடானை பஸ்ஸும் வந்தது. துண்டால் மூக்கையும் வாயையும் இறுக்கக் கட்டிக்கொண்டு மாமா இறங்கினார். ஒரு கையில் கோயில் விபூதிப் பொட்டலம். பேச்சை முறையாக முறித்துக்கொள்ள வந்திருக்கிறார் என்பது அவர் நின்ற தூரத்திலேயே தெரிந்தது.

மேடம் நேராக உள்ளே போனார். சாம்பல் தட்டை எடுத்து, பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, நெடுநேரம் பார்த்தார்.

“ரெண்டாவது சாம்பிள் எங்கே?”

“எடுக்கல மேடம். மக்கள் உயிர் பிரச்சினைங்கிறதால...”

“படகிலே என்ன விளக்கு?”

“பெட்ரோமாக்ஸ், மேடம்.”

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு என்னை வாசலுக்கு வரச் சொன்னார். எல்லோர் முன்னாலும் என் தலையில் ஆரம்பித்துக் கீழே கொண்டு வந்தார். தலையில் சத்தமில்லை. (அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.) இடது மார்புக்கு வந்ததும் கருவி அலறியது. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. மாமா இரண்டடி. பங்குச்சாமி சிலுவை போட்டுக்கொண்டார். நான் கண்ணை மூடி, வீர மரணத்துக்கான முகத்தை வைத்துக்கொண்டேன்.

“சட்டையைக் கழட்டுங்க” என்றார் மேடம்.

கழற்றினேன். கருவி என் நெஞ்சில் பட்டது. ஒரு சத்தமும் இல்லை. மணலில் கிடந்த சட்டைக்கு அதைக் கொண்டுபோனார். டிக் டிக் டிக் என்று சட்டை கத்தியது. குனிந்து, பையின் பொத்தானைக் கழற்றி, இரண்டு விரலால் மேண்டில்களை வெளியே எடுத்தார்.

“இந்தத் துணியிலே தோரியம்னு ஒரு பொருளை முக்கியிருப்பாங்க. அதனாலதான் இவ்வளவு வெள்ளையா வெளிச்சம் தருது. அதுக்குக் கதிரியக்கம் உண்டு. விளக்குல எரிச்சா பயப்பட ஒண்ணுமில்லை. பிளாங்க்டன் தட்டுல ஊதினா இப்படித்தான் ஆகும். கடல்ல ஒண்ணும் இல்லை. நீங்க எல்லாரும் தொழிலுக்குப் போகலாம்.”

தோரியம் பாடத்தைப் பரீட்சைக்கு வராது என்று தாண்டிப் போனவன் நான். வெற்று உடம்போடு, பல நாள் குளிக்காத அழுக்கோடு, மணலில் நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. நாள்கணக்கில் அடுப்பு ஏற்றாத பெண்கள் கூடையோடு நின்றார்கள். சவேரி அண்ணன் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

ரோசம்மா அக்கா முன்னால் வந்தார். மேண்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அட பாவி, இது நான் வாங்கியாரச் சொன்ன மேண்டிலுல்ல? ஒரு சட்டையக் கழட்டுறதுக்கா தம்பி இம்புட்டு நாளா நாங்க எல்லாரும் கரையில கெடந்தோம்?”

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. பங்குச்சாமி என்று சிலர் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத நெருப்பு பற்றி மைக்கில் பேசியவர் சிரித்திருக்க நியாயமில்லை. எப்படியோ ஆரம்பித்து, கரை முழுக்கப் பரவி, கவிழ்த்த வத்தைகளை நிமிர்த்தும்போதும் நிற்கவில்லை. போஸ்ட் மாஸ்டருக்கு மட்டும் ஆள் அனுப்பிச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் நம்பாமல் மறுநாள் வரை ஜன்னலைத் திறக்கவில்லை.

மேடம் சட்டையைச் சாட்சிப் பொருளாக ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டார். “உங்க நிரந்தர விஷயம் இப்போதைக்கு இல்லை” என்றார். “மீன் வாங்க ஆள் வரணும். கதை எந்த வழியா போச்சோ அதே வழியா நீங்களே போய்த் திருப்பிக்கிட்டு வாங்க.”

அப்படித்தான் சவேரி அண்ணனின் தொளதொள சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, அவர் துணையோடு, அடுத்த நாள் திருவாடானை பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் ரோசம்மா அக்கா வறுத்துக் கொடுத்த மீன் ஒரு தூக்குச்சட்டி நிறைய. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, “கடல் நல்லா இருக்கு, கோளாறு எனக்குத்தான்” என்று கத்தி, ஒரு துண்டு மீனை எல்லோரும் பார்க்கத் தின்ன வேண்டும். கண்டக்டர் என் பேச்சுக்குப் பின்னால் தன் பங்குக்குச் சட்டைக் கதையையும் சேர்த்துச் சொன்னார். நான் தின்றதை விட அதைத்தான் மக்கள் நம்பினார்கள். எங்கள் பின்னாலேயே சைக்கிள் பெட்டிகள் கரைக்குத் திரும்பின.

திருவாடானை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது வயிறு வெடிக்கும் நிலை. கடைசித் துண்டை வாயில் போட்டு நிமிர்ந்தால், எதிரே மாமா. பக்கத்தில் வள்ளி. முதல் நாளே ஊர் திரும்பிய மாமா வழியாகச் செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“நெசமாவே செத்துருவோம்னுதான் நெனச்சீகளா?”

வாயில் மீன். தலையை ஆட்டினேன்.

“அப்பத்தான் எனக்கு வேற எடம் பாக்கச் சொல்லி ஆள்விட்டீகளா?”

மறுபடி ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முள் குத்தியதால் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டேன். முள் எதுவும் குத்தவில்லை.

“வேலைதான் பெர்மனெண்டு ஆகலையே?” என்றார் மாமா பின்னாலிருந்து. “அப்பறம் என்ன பேச்சு? வா, போவோம்.”

வள்ளி நகரவில்லை. “அய்யா, சாகப்போறோம்னு நெனச்ச நேரத்துலயும் இவுக என்னயத்தான் நெனச்சிருக்காக. வேலை என்னைக்கோ பெர்மனெண்டு ஆகிட்டுப் போகுது. இம்புட்டுக் கூமுட்டையா இன்னொருத்தர் எனக்கு எங்க கெடப்பாக?”

இதுவரை என்னைப் பற்றி யாரும் சொன்னதில் அதுதான் உயர்ந்த பாராட்டு. மாமா முதல் நாள் கொடுக்காமல் கொண்டுபோன விபூதிப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். தற்காலிக மாப்பிள்ளையாகவே எனக்குக் கல்யாணம் நடந்தது. சவேரி அண்ணன் பந்திக்கு மீன் கொண்டு வருவதாகச் சொன்னார், சைவக் கல்யாணம் என்று கெஞ்சித் தடுக்க வேண்டியிருந்தது. வேலை நிரந்தரமாவதற்குள் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அன்று முதல் மேடத்தின் எல்லா நிலையங்களிலும் பிளாங்க்டன் பிடிக்கப் போகிறவர் பெட்ரோமாக்ஸைத் தொடக் கூடாது என்று ஒரு விதி வந்தது. காரணம் எழுதவில்லை. அந்த மட்டுக்கும் அவர் நல்லவர்.

வீட்டில் அந்தப் பெருந்தன்மை கிடையாது. நாட்டு நடப்பைப் பற்றியோ, விலைவாசியைப் பற்றியோ, மகளின் கல்லூரியைப் பற்றியோ நான் கொஞ்சம் பதறினால் போதும். “மொதல்ல சட்டையக் கழட்டுங்க” என்பாள் வள்ளி. பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மருமகன் வந்த இரண்டாம் நாளே கற்றுக்கொண்டார்.

போன வருஷம் எனக்கு நிஜமாகவே நெஞ்சு வலி வந்தது. இடது பக்கம். ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழி நெடுக வள்ளி என் கையை விடவில்லை. அப்படி அவளை நான் பார்த்ததே இல்லை. டாக்டர் இளைஞர், அவசரமாக வந்தார். கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார். கருவியை இழுத்து வைத்துக்கொண்டு, “சார், சட்டையைக் கழட்டுங்க” என்றார்.

வள்ளி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணீரோடு அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. ஈ.சி.ஜி. தாளில் கோடுகள் கன்னாபின்னாவென்று குதிக்க, டாக்டர் பயந்துபோய் என்னவென்று கேட்டார். வள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். ஈ.சி.ஜி.யை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது சாம்பிளில் பயப்படும்படி ஒன்றுமில்லை.